வாரேன்னு சொன்னவள்

டமார்!

பேக்கரியின் தகரக் கூரை மேல் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன சாய்குமார் பாதி டீயைத் தன் பேண்ட்டுக்கே ஊட்டிவிட்டார். கல்லாவில் இருந்த திருமலைசாமி துள்ளி எழுந்தார். கூரையில் ஏதோ தடதடவென்று உருண்டு விளிம்பு வரை வந்து, அங்கே சற்றுத் தயங்கி, வாசலில் பொத்தென்று விழுந்தது. விழுந்தும் அடங்கவில்லை. இப்படி ஒரு குதி, அப்படி ஒரு குதி. கடைசியில் பப்ஸ் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

பந்துதான். ஆனால் உருண்டைப் பந்து இல்லை. நன்கு விளைந்த பப்பாளி மாதிரி நீளப் பந்து.

"ஏனுங்க, என்ற கூரை மேல உங்களுக்கு என்னுங்க கோவம்?" என்று திருமலைசாமி ரோட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஆத்திரத்திலும் அவருக்கு மரியாதை குறையவில்லை.

யார் உதைத்தது என்று சாய்குமாருக்கு எதிரே இருந்த மோகனப்பிரியா திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மைதானத்திலிருந்து இவ்வளவு தூரம் உதைக்கக்கூடிய கால் துடியலூரில் ஒன்றுதான் உண்டு. அது அவள் தங்கை லோகப்பிரியாவின் இடது கால்.

பஸ்ஸுக்கும் டெம்போவுக்கும் கை காட்டி நிறுத்திவிட்டு லோகு ரோட்டைக் கடந்து ஓடி வந்தாள். மோகனாவின் கண் தானாக அவளுடைய வலது முட்டிக்குப் போனது. கறுப்புப் பட்டை போட்டிருந்தாள். நொண்டவில்லை.

"மன்னிச்சுக்குங்க அண்ணா, காத்து அடிச்சுபோட்டுது."

"காத்து எங்கம்மணி அடிச்சுது? இங்க ஒரு இலை கூட அசையலியே."

"மேல அடிச்சுதுங்க."

திருமலைசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லோகு குனிந்து பந்தை எடுத்தாள். நிமிரும்போதுதான் மூலை மேசையில் உட்கார்ந்திருந்த மூவரையும் பார்த்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அட, நீங்க எல்லாம் இங்கதான் இருக்கறீங்களா? நான் ஒண்ணும் கேக்கலீங்க. ஒண்ணும் காதுல உழுகலீங்க. பேசுங்க, பேசுங்க."

சொல்லிவிட்டு ஓடியே போனாள். அவள் ரோட்டைக் கடந்து முடிக்கும் வரை மூவரும் வாய் திறக்கவில்லை.

ஏனென்றால் அவர்கள் பேசிக்கொண்டிருந்ததே அவளைப் பற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதுக்கரையில் ஆட்டம். எதிரே பாலக்காட்டுப் பெண்கள் அணி. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் என்று நோட்டீஸில் போட்டிருந்தாலும் துடியலூரில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. விளையாடுகிறவர்கள் ஃபூட்டி என்பார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் பப்பாளி ஆட்டம் என்பார்கள். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறு கையால் குத்தியும் கொடுக்கலாம். எறிய மட்டும் கூடாது. இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் இருக்கும் இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. பக்கத்தில் போனால் ஒன்றே ஒன்று. உதைத்து வரும் பந்தைத் தரையில் படாமல் எட்டிப் பிடித்துவிட்டால் அதற்கு மார்க் என்று பெயர். பிடித்தவளை யாரும் தொடக்கூடாது. அவள் நிதானமாக உதைத்துக்கொள்ளலாம்.

அந்த மார்க் பிடிப்பதில் லோகுவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இல்லை, முன்பு கிடையாது. போன வருஷம் ஒரு ஆட்டத்தில் அப்படி எம்பிப் பிடித்துவிட்டு இறங்கும்போது வலது முட்டி திரும்பிக்கொண்டது. காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பத்தடி தள்ளி நின்ற மோகனாவுக்கு அது கேட்டது. ஆபரேஷன், ஊன்றுகோல், மாதக்கணக்கில் பயிற்சி என்று எல்லாம் முடிந்து லோகு மைதானத்துக்குத் திரும்பி வந்துவிட்டாள். மோகனாவின் காதிலிருந்து அந்தச் சத்தம் மட்டும் போகவில்லை.

அணி பன்னிரண்டு பேர். ஒன்பது பேர் களத்தில், மூன்று பேர் மாற்று. பதினோரு பெயர்களை டீ வருவதற்கு முன்பே முடித்துவிட்டார்கள். பன்னிரண்டாவது பெயரில்தான் வண்டி நின்றுவிட்டது. லோகப்பிரியாவா, நவ்யாவா?

"எனக்கு வேற யோசனையே இல்லீங்க. நவ்யாதான்," என்றார் சாய்குமார். தனியார் பள்ளி ஒன்றில் பி.டி. மாஸ்டர். இந்த அணிக்குச் சம்பளமில்லாத கோச். "அந்தப் புள்ளை ஓடறதைப் பாத்தீங்கல்ல? காத்து மாதிரி."

"காற்று கோல் போடாது சார். லோகு போடுவாள்," என்றான் சசிதர். அணியின் பிசியோதெரபிஸ்ட். சொந்த ஊர் கோவைதான் என்றாலும் பிறந்து வளர்ந்ததெல்லாம் மும்பை. அவன் பேசும் தமிழ் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். "முட்டியை நான் மூன்று விதமாகச் சோதித்துவிட்டேன். நூற்றுக்கு நூறு சரியாக இருக்கிறது."

"முட்டி சரிங்க. வாய்தான் சரியில்லை."

"வாய்க்கு என்ன?"

"ஆட்டத்துல பந்து வேணும்னா என்ன சொல்லோணும்? 'போடு'ன்னு கத்தோணும். ஒரே வார்த்தை. லோகு என்ன சொல்லுது? 'சைதன்யாக்கா, கொஞ்சம் இக்கட்டால, என்ற பக்கமாப் போடறீங்களாங்க'ன்னு கேக்குது. அது கேட்டு முடிக்கறதுக்குள்ள பாலக்காட்டுப் புள்ளை பந்தைப் புடுங்கிட்டு வாளையாறு தாண்டிப் போயிருமுங்க."

மோகனா சிரித்துவிட்டாள். சசிதர் சிரிக்கவில்லை. மேசை மேல் இருந்த பொருள்களை எல்லாம் இழுத்து மைதானம் அமைக்க ஆரம்பித்தான். தண்ணீர் டம்ளர், நடுக்களத்தில் ஆடும் சைதன்யா. சர்க்கரை டப்பா மோகனா. தேங்காய் பன்னை எடுத்துக் கோலுக்கு முன்னால் வைத்தான்.

"இது லோகு. இங்கே நின்றால் போதும். ஓடவே வேண்டாம்."

"அப்ப நவ்யா எங்க?" என்று சாய்குமார் ஒரு உப்பு பிஸ்கட்டை எடுத்துப் பன்னுக்குப் பக்கத்தில் வைத்தார். "பாருங்க. உங்க லோகு நிக்கட்டும். இந்தப் புள்ளை இப்படிச் சுத்தி, இப்படி உள்ள பூந்து..."

பிஸ்கட் மேசை முழுக்க ஓடியது. டம்ளரைத் தாண்டியது, சர்க்கரை டப்பாவைச் சுற்றியது. வாதத்தின் வேகத்தில் சசிதர் கையை நீட்டி அதை எடுத்துக் கடித்துவிட்டான்.

"அடப் பாவத்தே, நவ்யாவைத் தின்னுபோட்டீங்களேங்க!"

இந்த முறை மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சாய்குமாரின் குரல் இறங்கியது.

"கேப்டன், நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? லோகு திரும்பி வந்த பொறகு நம்ம பயிற்சி ஆட்டத்துல பந்து முன்னால போகவே மாட்டேங்குது. எங்கியோ ஒரு எடத்துல தேங்கி நின்னுக்குது. எங்கேன்னு எனக்குப் புடிபடலீங்க. லோகு இல்லாத அன்னிக்கு நல்லாப் போகுது. அதான் சொல்றேன்."

மோகனா சர்க்கரை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர் நவ்யா, ஒருத்தர் லோகு. இனி நீங்கதானுங்க சொல்லோணும்," என்றார் சாய்குமார்.

அவள்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கேப்டன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஆட்டமே அவளுடையது இல்லை. லோகுதான் சென்னையில் ஒரு முகாமுக்குப் போய், இந்தப் பப்பாளிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலிறங்கி வந்தாள். ஆள் பிடித்தாள். ஒவ்வொரு வீடாகப் போய் அப்பா அம்மாக்களிடம் பேசினாள். "ஒரு ஆள் கொறையுதுங்க்கா, நீங்க வந்து சும்மா நின்னாப் போதும்" என்று மோகனாவையும் இழுத்துக்கொண்டு போனாள். சும்மா நிற்கப் போனவள்தான் இன்று கேப்டன். பம்ப் கம்பெனியில் பகல் முழுக்க மோட்டார்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மைதானத்துக்கு ஓடி வருகிறாள்.

நவ்யா என்று சொன்னால், தங்கை வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, "பரவால்லீங்க்கா, நல்ல முடிவு" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டும். லோகு என்று சொன்னால், மதுக்கரை மைதானத்தில் அவள் எம்பும்போதெல்லாம் இறங்குகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எது சுலபம்?

தட்டுக்கு எதிரே சிரிப்பதாவது முட்டியை உடைக்காது.

"நவ்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

மேசை மேல் இருந்த போன் அதிர்ந்தது. லோகு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். சாய்குமார் கண்ணாலேயே போடச் சொன்னார். மோகனா போட்டாள்.

"அக்கா... நீங்க மூணு பேரும் நல்லா ரோசனை பண்ணி முடிவு பண்ணுங்க. என்னைப் பத்தி நெனைச்சுட்டு இருக்காதீங்க. சாய் சாருக்கும் சொல்லிப்போடுங்க. நான் வாரேனுங்க்கா."

அவ்வளவுதான்.

சசிதர் மேசையைத் தட்டினான். "கேட்டீர்களா? 'வாரேன்' என்று அவளே சொல்லிவிட்டாள். ஆட வருகிறாள். தயாராக இருக்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?"

சாய்குமார் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "சசி, நீங்க பம்பாய்ல எதைச் சொல்லிட்டு ஊட்டை விட்டுக் கெளம்புவீங்க?"

"பை சொல்வோம்."

"இங்க யாரும் போறேன்னு சொல்ல மாட்டாங்க. போறதா இருந்தாலும் வாரேன்னுதான் சொல்லுவாங்க. எங்க ஊட்ல தெலுங்கு. நாங்களும் 'வஸ்தானு'ன்னு சொல்லிட்டுத்தான் செருப்பு மாட்டுவோம். இது வர்ற வாரேன் இல்லீங்க. போற வாரேன்."

"அது எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே வார்த்தைதானே?"

சாய்குமார் மோகனாவைப் பார்த்தார். மோகனா அந்தக் கடைசி வரியை மறுபடி ஓடவிட்டாள். 'நான் வாரேனுங்க்கா.' குரலில் அழுகை இல்லை. கோபமும் இல்லை. படலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறவள் சொல்வது போல இருந்தது. இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டுமில்லை, ஃபூட்டிக்கே வாரேன் சொல்லிவிட்டாளா?

"லோகு பேரைப் போட்டுக்குங்க சார்," என்றாள் மோகனா.

"கேப்டன்..."

"பன்னெண்டாவது ஆள் லோகு. நான் சொல்றேனுங்க. போட்டுக்குங்க."

சாய்குமார் தலையை ஆட்டினார். "நீங்க சொன்னாச் சரிங்க. அந்த நவ்யாப் புள்ளைதான் பாவம், போனைக் கையில புடிச்சுட்டே உக்காந்திருக்கும். நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

மோகனா அதற்குள் ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள்.

மைதானத்தில் யாரும் இல்லை. லோகுவின் வண்டியும் இல்லை. போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள். வீட்டுக்கு விரட்டினாள்.

அம்மா அடுப்படியில் கொள்ளுப் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள்.

"லோகு எங்கம்மா?"

"இப்பத்தான் கண்ணு வந்தா. துணிப் பையைத் தூக்கிட்டு 'வாரேன்ம்மா'ன்னு சொல்லிப்போட்டுப் போனா. ஏன், உங்கிட்டச் சொல்லலியா?"

"எங்க போறேன்னு சொன்னா?"

"வாரேன்னுதான் சொன்னா."

மோகனா உள்ளறைக்குப் போனாள். அவளுடைய கட்டில் மேல் லோகுவின் ஜெர்சி. துவைத்து, இஸ்திரி போட்டு, கடையில் விற்பது மாதிரி மடித்து வைத்திருந்தது. லோகு தன் வாழ்நாளில் ஒரு துணியை இப்படி மடித்ததில்லை. மோகனா அதைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தாராபுரத்தில் அத்தை வீடு இருக்கிறது. ஏதாவது மனசு சரியில்லை என்றால் லோகு அங்கேதான் போவாள். சிங்காநல்லூர் போய் பஸ் ஏறியிருப்பாளோ? இந்த நேரத்தில் அங்கே போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸே போயிருக்கும்.

போன் அடித்தது. லோகு இல்லை. புதிய நம்பர்.

"ஏனுங்க அம்மணி, நான் வெல்டிங் பட்டறை நஞ்சுண்டன் பேசறனுங்க. உங்க தங்கச்சி இங்க என்ற உசுரை வாங்குதுங்க. எட்டு பைப்பையும் ஸ்கூட்டியில கட்டிக் கொண்டுட்டுப் போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்குது. டெம்போ வெச்சுக் காலையில அனுப்பறேன்னு சொன்னாக் கேக்க மாட்டேங்குதுங்க. நீங்க சித்தெ வந்து சொல்லுங்க."

மோகனாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஜெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டே ஓடினாள்.

பட்டறை வாசலில் எட்டு இரும்புப் பைப்புகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. கோல் கம்பங்கள்தான். நான்கு உயரம், நான்கு குட்டை. அடியில் புதிதாக வெல்டிங் வைத்த தகடுகள் இன்னும் சூடு ஆறவில்லை. லோகு ஒரு கவிழ்த்த டப்பா மேல் உட்கார்ந்து, வெள்ளைப் பெயிண்டில் தோய்ந்த பிரஷ்ஷோடு கடைசிப் பைப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியிலும் வெள்ளை.

"அக்கா! நீங்க எதுக்குங்க வந்தீங்க?"

மோகனாவுக்கு மூச்சு வாங்கியது. ஸ்கூட்டி ஸ்டாண்டைக் கூடச் சரியாகப் போடாமல் இறங்கியதால் அது நஞ்சுண்டன் மேல் சாய்ந்தது. அவர் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அக்கா தங்கை பேச்சில் நமக்கென்ன வேலை என்பது போல உள்ளே தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

"நீ... நீ வாரேன்னு சொன்னே."

"ஆமாங்க. சொன்னேன்."

"போனை எதுக்கு அணைச்சு வெச்சே?"

"நீங்க கூப்பிடுவீங்க. உங்க கொரலைக் கேட்டா என்ற மனசு மாறிப்போயிரும். அதான் அணைச்சுபோட்டனுங்க."

"இந்த ஜெர்சி?"

"அது நவ்யாவுக்குங்க்கா. ரெண்டு பேருக்கும் ஒரே சைஸுதான். புதுசு தெக்க நேரமில்லைன்னு சார் சொல்லிட்டு இருந்தாரில்ல?"

"அப்ப வாரேன்னு சொன்னது?"

லோகு பிரஷ்ஷை டப்பாவில் நிறுத்தினாள். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது.

"அய்யோ அக்கா, ஞாயித்துக்கெழமை மேட்ச்சுக்கு வாரேன்னு சொன்னனுங்க! கோல் அம்பயருக்கு ஆளே கெடைக்கலைன்னு சாய் சார் பொலம்பிட்டு இருந்தாரு. இந்தக் கம்பத்துக்கு நடுவுல வெள்ளைக் கோட்டு போட்டுட்டு நான்தான் நிக்கப் போறேன். ஆறு புள்ளின்னா ரெண்டு கொடி, ஒரு புள்ளின்னா ஒரு கொடி. அதுக்குத்தான் பையில அப்பாவோட பழைய வேட்டி ரெண்டு எடுத்துட்டு வந்தேன், கொடி தெக்கறதுக்கு. அம்மாகிட்டச் சொல்லீராதீங்க." அவள் எழுந்து வந்து, பெயிண்ட் படாத புறங்கையால் அக்காவின் ஈரக் கன்னத்தைத் துடைத்தாள். "ஆட்டத்துக்கே முழுக்குப் போட்டுட்டேன்னு நெனைச்சுட்டீங்களா? எங்கிட்ட இருந்து அவ்வளவு சீக்கிரம் தப்பிக்க முடியுமுங்களா?"

மோகனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கேப்டன் குரலில் பேச முயன்றாள்.

"கொடியெல்லாம் வேற யாராச்சும் ஆட்டட்டும். பன்னெண்டாவது ஆள் நீதான். நான் சொல்லிட்டேன். சாரும் ஒத்துக்கிட்டாரு."

லோகுவின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. மோகனா அதைப் பார்த்தாள். உடனே அது அடங்கியதையும் பார்த்தாள்.

"வேண்டாங்க்கா. சாருக்குக் கூப்பிட்டு நவ்யா பேரைச் சொல்லுங்க."

"ஏன்?"

"சொல்லுங்க."

"ஏன்னு கேக்கறேன்ல? வலிக்குதா? சசிகிட்ட மறைச்சுட்டயா?" மோகனா அங்கேயே, இரும்புத் தூள் சிதறிக் கிடந்த தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தங்கையின் முட்டியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, கறுப்புப் பட்டை மேல் விரல்களால் மெதுவாக அழுத்திப் பார்த்தாள். "இங்கியா? இங்கியா கண்ணு? எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லு."

லோகு குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"முட்டி நல்லாத்தான் இருக்குதுங்க்கா. பந்து உங்க கைக்கு வந்தா நீங்கதான் கம்பத்தைப் பாக்கறதே இல்லை, என்ற முட்டியையே பாத்துட்டு நிக்கறீங்க."